ஜப்பான் கத்திக்குச் சமையலறை. ராம்பூர் கத்திக்குச் சதுக்கம்

புதுதில்லி:

நட்சத்திர விடுதிகளின் ஜப்பானிய உணவகங்களில் மீனைத் துண்டமிடும் தலைமைச் சமையற்காரரின் கையில் இருக்கும் கத்தி, பெரும்பாலும் விடுதியின் சொத்தாக இருப்பதில்லை. அது அவருடைய சொந்தக் கத்தி. வேலை முடிந்ததும் அதைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உறையிலிட்டு அவரே பத்திரப்படுத்துகிறார். பிறர் கை அதில் படுவதை அவர் விரும்புவதில்லை. கத்தியின் அலகில் அதைச் செய்த பட்டறையின் பெயர் ஜப்பானிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

மும்பை தாஜ்மகால் விடுதியில் 2004-ஆம் ஆண்டில் ஜப்பானியச் சமையற்கலைஞர் மாசஹரு மொரிமோட்டோவின் பெயரோடு ஓர் உணவகம் தொடங்கப்பட்டபோது அது செய்தியாக இருந்தது. சில ஆண்டுகளில் அது தில்லிக்கும் வந்தது. இன்று குருகிராம், பெங்களூரு, சென்னை ஆகிய நகரங்களிலும் ஜப்பானிய உணவகம் புதுமையன்று. உணவகத்தோடு கத்தி வந்தது. கத்தியோடு கிண்ணம், தட்டு, தேநீர்க் கோப்பை ஆகியனவும் வந்தன. இப்போது வசதி படைத்த வீடுகளின் சமையலறைகளும் இவற்றைக் கேட்டு வாங்குகின்றன. சில ஆயிரம் ரூபாயில் தொடங்கிப் பல பத்தாயிரம் ரூபாய் வரை விலையுள்ள கத்திகளை வாங்க ஆள் இருக்கிறது.

இது இந்தியாவில் மட்டும் காணப்படும் போக்கு அன்று. ஜப்பானின் வேளாண் அமைச்சகக் கணக்கின்படி, அந்நாட்டுக்கு வெளியே 2006-ஆம் ஆண்டில் சுமார் 24 ஆயிரம் ஜப்பானிய உணவகங்கள் இருந்தன. 2023-ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை சுமார் 1 லட்சத்து 87 ஆயிரம். இடையில் 2013-ஆம் ஆண்டில் ஜப்பானியரின் உணவு மரபை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலிட்டது.

கத்திக்குப் பெயர்போன ராம்பூர், கத்தரிக்கோலுக்குப் பெயர்போன மீரட், பீங்கானுக்குப் பெயர்போன குர்ஜா ஆகிய மூன்று ஊர்களும் தில்லியிலிருந்து 200 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. அப்படியிருக்க, தலைநகரின் சமையலறைக்குக் கத்தியும் தட்டும் கடல் கடந்து வர வேண்டிய அவசியம் என்ன? "தரம்" என்பது உடனே கிடைக்கும் விடை. அது உண்மையே, ஆனால் பாதி உண்மை. அந்தத் தரம் எப்படி உருவானது, யார் அதைக் காத்தார்கள் என்பதில்தான் மறுபாதி இருக்கிறது.

பிறப்புச் சான்றிதழுடன் வரும் கத்தி

ஜப்பானியக் கத்தியை இந்தியாவுக்குள் கொண்டுவருவது கடினமான காரியம் அன்று. ஆனால் ஒழுங்கான காரியம். இறக்குமதியாளர் முதலில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்திடம் குறியீட்டு எண் பெறவேண்டும். சுங்கப் பட்டியலில் கத்திகள் 8211 என்ற தலைப்பிலும், போர்சலின் வகைப் பீங்கான் உணவுக்கலங்கள் 6911 என்ற தலைப்பிலும், ஏனைய சுட்டமண் கலங்கள் 6912 என்ற தலைப்பிலும் வருகின்றன. சில்லறை விற்பனைக்கான பொட்டலத்தின்மீது இறக்குமதியாளரின் பெயர், தயாரான நாடு, அதிகபட்ச விலை ஆகியன இடம்பெற வேண்டும்.

இந்தியாவும் ஜப்பானும் 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இரு நாடுகளுக்கிடையிலான வர்த்தகத்தில் 90 சதவீதத்துக்கும் அதிகமான பகுதிக்குச் சுங்கத்தைப் பத்தாண்டுகளில் படிப்படியாக நீக்குவது அதன் நோக்கம். இந்தச் சலுகையைப் பெற விரும்புவோர், பொருள் ஜப்பானிலேயே உருவானது என்பதற்கு ஜப்பான் வர்த்தக, தொழிற் சபை வழங்கும் சான்றிதழைக் காட்ட வேண்டும். சான்றிதழைச் சுமந்து வந்தால் மட்டும் போதாது; பொருள் எப்படி உருவானது என்ற விவரத்தையும் இறக்குமதியாளர் கையில் வைத்திருக்க வேண்டும் என 2020-ஆம் ஆண்டில் மத்திய அரசு விதி செய்தது.

ஆக, சகாய் நகரத்துக் கத்தி ஒன்று தில்லிக்குச் சலுகையுடன் வந்து சேரும்போது அதன் பிறப்பிடத்தை ஓர் அரசு கேட்கிறது, மற்றொரு நாட்டின் சபை உறுதி செய்கிறது.

2023-24 நிதியாண்டில் இந்தியா ஜப்பானிடமிருந்து சுமார் 1,769 கோடி டாலருக்குப் பொருள்களை வாங்கியது. விற்றது சுமார் 515 கோடி டாலருக்கு. இந்தப் பெரும் பற்றாக்குறையில் கத்தியும் கிண்ணமும் ஒரு துளி. இயந்திரங்களும் மின்னணுப் பொருள்களுமே பெரும்பகுதி. எனினும் இந்தத் துளி ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. இந்தியாவிலிருந்து ஜப்பானுக்குச் செல்லும் பொருள்களில் இறால் ஒன்று. இங்கிருந்து இறால் போகிறது. அதை நறுக்கும் கத்தி அங்கிருந்து வருகிறது.

வாளுக்குத் தடை, கொல்லருக்கு வழி

சகாய், ஒசாகாவை அடுத்த பழைய துறைமுக நகரம். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாகப் புகையிலை ஜப்பானுக்குள் வந்தது. அதன் இலையை மெல்லியதாக நறுக்குவதற்கான கத்திகளைச் சகாய் கொல்லர்கள் செய்யத் தொடங்கினர். டோக்குகாவா ஆட்சியாளர்கள் அந்தக் கத்திகளுக்குத் தரமுத்திரை வழங்கினர். அரசு முத்திரை பெற்ற கத்தி என்ற பெயர் நாடெங்கும் பரவியது.

1876-ஆம் ஆண்டில் மெய்ஜி அரசு, பொது இடங்களில் வாள் தரிப்பதைத் தடை செய்தது. தலைமுறை தலைமுறையாக வாள் அடித்தவர்களின் பிழைப்பு ஓர் ஆணையில் அற்றுப்போகும் நிலை ஏற்பட்டது. அவர்களுள் பலர் அரிவாள், கத்தரி, சமையற்கத்தி ஆகியவற்றுக்கு மாறினர். வாள் செய்வதில் பெயர்பெற்ற செக்கி நகரம் கத்தி நகரமானது. ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆகியவற்றோடு செக்கியையும் சேர்த்து உலகின் மூன்று கத்தி நகரங்கள் என்று கூறும் வழக்கம் உண்டு.

சகாய் முறையில் ஒரு கத்தியை ஒருவரே முழுமையாகச் செய்வதில்லை. இரும்பையும் எஃகையும் உலையிலிட்டு ஒட்டி அடித்து உருவம் தருபவர் ஒருவர். சாணை பிடித்து அலகுக்குக் கூர்மை தருபவர் மற்றொருவர். கைப்பிடி பொருத்துபவர் வேறொருவர். ஒவ்வொருவரும் தம் வேலையை மட்டுமே வாழ்நாள் முழுதும் செய்கிறார். மீனைத் துண்டமிடும் நீண்ட கத்திக்கு ஒருபுறம் மட்டுமே சாணை பிடிக்கப்படுகிறது. வெட்டுமுகம் வழவழப்பாக அமைவதற்கு அதுவே காரணம். பயன்படும் எஃகு, கரிச்சத்து மிகுந்தது. மேலைநாட்டுச் சமையற்கத்திகளின் எஃகைக் காட்டிலும் கடினமானது. அதனால் கூர்மை நெடுநாள் நிற்கிறது. அதற்கு விலையும் உண்டு. ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும். எலும்பில் ஓங்கிப் போட்டால் அலகு சிதறும். தண்ணீர்ச் சாணைக்கல்லில் பக்குவமாகத் தீட்டத் தெரிந்திருக்க வேண்டும். கத்தியை வாங்கும் இந்திய இல்லத்தார் பலரும் முதலில் தவறுவது இங்கேதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிலும் ஆலை உற்பத்தி கைத்தொழிலை விழுங்கத் தொடங்கியது. 1974-ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் மரபுக் கைவினைத் தொழில்களை ஊக்குவிக்கும் சட்டத்தை இயற்றியது. அன்றாட வாழ்வில் பயன்படும் பொருளாக இருக்க வேண்டும். முக்கியமான வேலை கையால் நடைபெற வேண்டும். தொழில்நுட்பமும் மூலப்பொருளும் மரபு வழிப்பட்டவையாக இருக்க வேண்டும். ஒரு வட்டாரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலானோர் அத்தொழிலில் ஈடுபட்டிருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளை நிறைவு செய்யும் பொருளுக்கு அரசு ஏற்பும் முத்திரையும் உண்டு. இதுவரை 240-க்கும் மேற்பட்ட பொருள்கள் ஏற்கப்பட்டுள்ளன. எச்சிஸென் வட்டாரக் கத்திகள் 1979-இலும், சகாய் கத்திகள் 1982-இலும் இப்பட்டியலில் இடம்பெற்றன. எச்சிஸெனில் 1993-ஆம் ஆண்டில் கத்திக் கொல்லர்கள் ஒன்றுகூடிப் பொதுப் பட்டறை ஒன்றை அமைத்தனர். பார்வையாளர் நேரில் வந்து காணலாம். வெளியூர் இளைஞர் வந்து தொழில் கற்கலாம்.

ஜப்பானின் ஆயுதச் சட்டம் தளர்வானது என்று யாரும் கருதிவிட வேண்டாம். தக்க காரணமின்றி 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகுள்ள கத்தியை வெளியில் எடுத்துச் செல்வது அங்கே குற்றம். 2008-ஆம் ஆண்டில் டோக்கியோவின் அகிஹாபரா கடைவீதியில் நடந்த படுகொலைக்குப் பின், இருபுறமும் கூருள்ள குத்துவாள்களுக்குத் தடை மேலும் இறுக்கப்பட்டது. சட்டத்தின் கண் கத்தியைத் தூக்கித் திரிபவன்மீது இருக்கிறது. கத்தியைச் செய்பவரை அது கைவினைஞர் என்றே அழைக்கிறது.

ஒரு தட்டுக்காகப் பல ஆண்டுகள்

வாளுக்குத் தடை வந்த அதே 1876-ஆம் ஆண்டில்தான், மொரிமுரா சகோதரர்கள் ஜப்பானியப் பொருள்களை நியூயார்க்கில் விற்கத் தொடங்கினர். அமெரிக்கர் விரும்பியது கிண்ணத்தையன்று. தட்டையான, பெரிய, தூய வெண்மையான சாப்பாட்டுத் தட்டை. ஜப்பானியக் குயவருக்கு அது பழக்கமில்லாத வடிவம். சூளையில் வேகும்போது தட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். 1904-ஆம் ஆண்டில் நகோயாவை அடுத்த நோரிடாக்கே என்னும் ஊரில் அவர்கள் ஆலை அமைத்தனர். அங்கே 25 சென்டிமீட்டர் தட்டு ஒழுங்காக அமைந்து, முழுமையான முதல் விருந்துக்கலத் தொகுதி வெளிவந்தது 1914-ஆம் ஆண்டில். வாங்குபவர் கேட்ட ஒரு தட்டுக்காக ஒரு நிறுவனம் பல்லாண்டு காத்திருந்தது.

அந்த நோரிடாக்கே 1972-ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தது. மலையகத்தின் நுழைவாயிலான மாத்தளையில் கூட்டு நிறுவனமாகத் தொடங்கப்பட்ட ஆலையிலிருந்து அப்பெயர் பொறித்த பீங்கான் உலகச் சந்தைக்குப் போகிறது. முத்திரை ஜப்பானுடையது, செய்த கைகள் இலங்கைத் தொழிலாளருடையவை.

கத்தியிலும் இதே போக்கு உண்டு. செக்கியில் 1908-ஆம் ஆண்டில் தோன்றிய காய் நிறுவனம், ராஜஸ்தானின் நீம்ராணாவில் ஜப்பானிய நிறுவனங்களுக்கென ஒதுக்கப்பட்ட தொழிற்பேட்டையில் ஆலை அமைத்திருக்கிறது. இந்தியத் தொழிலாளரின் கை கத்தி செய்யத் தகுதியற்றது என்று ஜப்பானிய நிறுவனம் கருதவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இருபது அடிக் கத்தி

உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர், நவாபுகள் காலந்தொட்டுக் கத்திக்குப் பெயர்போனது. மடக்கிவைத்து, விசையைத் தட்டினால் விரியும் ராம்பூரி கத்தியை இந்தித் திரைப்படங்கள் அடியாளின் அடையாளமாக்கின. குற்றங்களிலும் அது புழங்கியது உண்மையே. அரசு அதைக் கட்டுப்படுத்த முனைந்ததில் நியாயம் இல்லை என்று கூற முடியாது.

மத்திய ஆயுதச் சட்டம் 1959-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்கீழ் வந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதமாகக் கொள்கின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. தில்லியில் 1980-ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று, விசையால் திறக்கும் கத்திகளை இன்னும் சிறிய அளவிலேயே கட்டுப்படுத்தியது. ராம்பூரில் 1990-களில் நாலரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுக்குத் தடை வந்தது. ஒவ்வொன்றாகப் பட்டறைகள் மூடின. கொல்லர் மக்கள் வேறு கூலி வேலைக்குப் போயினர்.

கவனிக்க வேண்டியது இதுதான். வீட்டுக் கத்திக்குச் சட்டத்தில் விலக்கு இருந்தது. வாளிலிருந்து சமையலறைக்கு மாற ராம்பூர் கொல்லருக்கும் வாசல் திறந்தே இருந்தது. ஆனால் அந்த வாசல்வரை அவரை அழைத்துச் செல்ல யாரும் இல்லை. எந்த எஃகு, எந்த வடிவம், யார் வாங்குவார் என்று சொல்லித்தரும் பயிற்சி நிலையமோ, தரமுத்திரையோ, சந்தையோ தடையோடு வரவில்லை. தடை மட்டும் வந்தது.

2023-ஆம் ஆண்டில் ராம்பூருக்கு மீண்டும் கத்தி வந்தது. சுமார் 50 லட்சம் ரூபாய் செலவில், 20 அடி நீளமுள்ள கத்திச் சிலை ஒன்று நகரின் சதுக்கத்தில் நிறுவப்பட்டது. மறைந்துவரும் தொழிலுக்கு மரியாதை என்று அது பாராட்டப்பட்டது. கத்தி அடிக்கும் கைகள் குறைந்த பிறகு கத்திக்குச் சிலை எழுந்திருக்கிறது.

குறியீடு இருந்தும் கூலி உயரவில்லை

மீரட்டின் நிலை சற்று வேறு. பேருந்து, லாரி, ரயில் ஆகியவற்றின் பழைய இரும்பை உருக்கி, அடித்து, கையாலேயே சாணை பிடித்துச் செய்யப்படும் மீரட் கத்தரிக்கோலுக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. தையற்காரர் அதைத் தந்தையிடமிருந்து மகனாகப் பெற்றுப் பயன்படுத்துவார். மழுங்கினால் மறுபடி சாணை பிடிக்கலாம். ஆனால் சந்தையில் குவியும் மலிவான சீனக் கத்தரிக்கோல், மழுங்கினால் தூக்கியெறிய வேண்டியது. விலையை மட்டும் பார்ப்பவரிடம் மீரட் தோற்கிறது. புவிசார் குறியீடு போலிப் பெயரைத் தடுக்கும். விற்பனையை அதுவே கொண்டுவந்துவிடாது.

குர்ஜாவின் சூளைகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மருத்துவமனைகளுக்கான கலங்களைச் செய்து வளர்ந்தவை. மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் அங்கே இருக்கிறது. புவிசார் குறியீடு உண்டு. 2018-இல் உத்தரப் பிரதேச அரசு தொடங்கிய "ஒரு மாவட்டம், ஒரு பொருள்" திட்டத்திலும் இடம் உண்டு. சீனப் பீங்கான் அடிமாட்டு விலையில் வந்து குவிந்தபோது, மத்திய அரசு 2018-ஆம் ஆண்டில் பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. அவ்வரியைத் தவிர்க்க மலேசியா வழியாகச் சரக்கு வருவதாகக் கண்டறியப்பட்டு, அந்த வழிக்கும் வரி நீட்டிக்கப்பட்டது.

இவை பயனற்றவை அல்ல. ஆனால் இவையெல்லாம் மலிவான சரக்கைத் தடுக்கும் வேலிகள். ஜப்பானியக் கிண்ணம் மலிவாக வருவதில்லை. அதிக விலையில் வருகிறது. மலிவுக்கு எதிராக எழுப்பிய வேலி, மதிப்பை உருவாக்கித் தராது. குர்ஜாவில் ஒரே கோப்பை அச்சை ஊர் முழுதும் பயன்படுத்தினால், விலையைக் குறைப்பதைத் தவிரப் போட்டியிட வேறு வழி இருக்காது. மண் தூசியை நாளெல்லாம் சுவாசிக்கும் தொழிலாளிக்கு நுரையீரல் நோய் ஆபத்து உண்டு. விலை இறங்க இறங்க, முதலில் கைவிடப்படுவது அவருக்கான பாதுகாப்புதான்.

எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024-ஆம் ஆண்டு மார்ச்சில் ஆணை பிறப்பித்தது. நுகர்வோருக்கு நன்மை தரும் ஆணையே. ஆனால் முத்திரை பெறுவதற்கான சோதனைச் செலவு பெரிய ஆலைக்குப் பொருட்டன்று. சிறு பட்டறைக்குச் சுமை. சமையற்கத்திக்கும் பீங்கானுக்கும் இத்தகைய விதிகளை யோசிக்கும்போது இதை மறந்துவிடலாகாது. 2022-ஆம் ஆண்டு ஜூலையில் கத்தி, கரண்டி, முள்கரண்டி ஆகியவற்றின் சரக்கு, சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டபோது, கைப்பட்டறைக் கத்திக்கும் ஆலைக் கத்திக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை.

உருக்கின் ஊர்

தில்லிக் கடைகளில் அதிகம் விலைபோகும் ஜப்பானியக் கத்திகளுள் ஒன்று, அலகில் நீரலைபோல் கோடுகள் ஓடும் "டமாஸ்கஸ்" வகை. கடினமான எஃகு நடுவில் இருக்க, இருபுறமும் பல அடுக்கு உலோகத்தைச் சேர்த்து அடித்து இந்த வரிகளை உண்டாக்குகின்றனர். டமாஸ்கஸ் என்பது சிரியத் தலைநகரின் பெயர். ஆனால் அந்தப் பெயரோடு உலகப் புகழ்பெற்ற பழைய வாள்களின் எஃகு, தென்னிந்தியாவில் மண் குகையிலிட்டு உருக்கி எடுக்கப்பட்டது. ஆங்கிலேயர் அதை "ஊட்ஸ்" என்றனர். "உக்கு", "உருக்கு" ஆகிய தென்னாட்டுச் சொற்களே அதன் மூலம் என்பர். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள் இரும்புத் தொழிலின் தொன்மைக்குச் சான்று தந்துள்ளன. மைக்கேல் ஃபாரடே போன்ற அறிவியலாளரே 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த எஃகின் இரகசியத்தை அறிய ஆய்வுகள் நடத்தினார்.

அந்தத் தொழிலும் அழிந்தது. இரும்பை ஏற்றுமதி செய்த நாடு, கத்தியை இறக்குமதி செய்யும் நாடானது. அன்னிய ஆட்சியின்மீது பழியைப் போட்டுவிட்டு இந்த வரலாற்றை மூடிவிட முடியாது. சுதந்திர நாட்டிலும் கொல்லர்மீது விழும் பார்வை பெரிதாக மாறவில்லை. 2021-ஆம் ஆண்டில் தமிழகத்தில் கொலைகள் அடுத்தடுத்து நடந்தபோது, அரிவாளும் கத்தியும் செய்யும் பட்டறைகள் வாங்குவோரின் பெயர், முகவரி, பயன்பாடு ஆகியவற்றைப் பதிவு செய்யவேண்டும். கண்காணிப்புக் கேமரா பொருத்தவேண்டும் என்று காவல்துறை அறிவுறுத்தியது. திருப்பாச்சேத்திக்குக் காவல்துறை தேடிச் செல்கிறது. கைவினைத் துறை தேடிச் சென்றதுண்டா என்பதே கேள்வி.

செய்யக் கூடியவை

ஜப்பானில் எல்லாம் நலம் என்று எண்ணுவதும் தவறு. அங்கே மரபுக் கைவினைத் தொழில்களில் 1979-ஆம் ஆண்டில் 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இருந்தனர். அண்மைக்கால எண்ணிக்கை 60 ஆயிரத்துக்கும் குறைவு. 2024-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் நோட்டோ தீபகற்பத்தில் ஏற்பட்ட நிலநடுக்கம், அரக்குப் பூச்சுக் கிண்ணங்களுக்குப் பெயர்பெற்ற வாஜிமா நகரைச் சிதைத்தது. சட்டம் ஒன்றே தொழிலைக் காப்பாற்றிவிடாது. கத்தித் தொழிலுக்கு உயிர் தந்ததில் வெளிநாட்டுச் சமையலறைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் வெளிநாட்டார் தேடி வந்த நாளில் கொல்லர் பட்டறையில் இருந்தார். அவரை அங்கே இருக்கச் செய்தது அந்தச் சட்டமும் முத்திரையும் பொதுப் பட்டறையும்தான்.

மத்திய அரசு 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் 13 ஆயிரம் கோடி ரூபாய் மதிப்பீட்டில் பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. கொல்லர், குயவர் உள்ளிட்ட 18 தொழில்களுக்குப் பயிற்சியும் கருவிகளுக்கு 15 ஆயிரம் ரூபாயும் குறைந்த வட்டிக் கடனும் அதில் உண்டு. குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்ற காரணம் கூறித் தமிழக அரசு 2024-ஆம் ஆண்டில் அதை ஏற்க மறுத்தது. 25 தொழில்களுக்கெனக் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025-ஆம் ஆண்டில் தானே தொடங்கியது. பிறப்பு யாரையும் ஒரு தொழிலில் கட்டிப்போடக் கூடாது என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. எச்சிஸெனின் பொதுப் பட்டறையில் கொல்லர் வீட்டில் பிறக்காதவரும் தொழில் கற்கிறார். விரும்பி வருபவர் நுழையவும், விரும்பாதவர் வெளியேறவும் இயன்றால்தான் தொழில் மதிப்புப் பெறும். இரு திட்டங்களையும் அந்த அளவுகோலால் அளக்கலாம்.

கடனும் கருவியும் தேவை. அவற்றைவிடத் தேவை வாங்கும் கை. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடமிருந்து பெற வேண்டும் என்ற கொள்கை நடைமுறையில் இருக்கிறது. அரசின் உணவக மேலாண்மைக் கல்லூரிகள் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான மாணவரைச் சமையற்கலையில் பயிற்றுகின்றன. அம்மாணவரின் முதல் கத்தி ராம்பூரிலோ மீரட்டிலோ திருப்பாச்சேத்தியிலோ அடிக்கப்பட்டதாகவும், முதல் தட்டு குர்ஜாவில் சுட்டதாகவும் ஏன் இருக்கக் கூடாது? நல்ல எஃகும், அதற்கு முறையான சூடும் தோய்ச்சலும் தரும் பொது உலைகளும், கலங்களில் ஈயமும் காட்மியமும் இல்லை என்று சான்றளிக்கும் சோதனைக் கூடங்களும் தொழில் நடக்கும் ஊரிலேயே அமையட்டும். வீட்டுக் கத்தி செய்பவருக்குப் பதிவும் முத்திரையும் கிடைத்தால், காவல்நிலையப் பதிவேட்டுக்கு மாறாக அவர் பெயர் கைவினைப் பதிவேட்டில் இருக்கும்.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் டோக்கியோ சென்றபோது, ஐந்தாண்டுகளில் 5 லட்சம் பேர் இரு நாடுகளுக்கிடையே சென்று வர இணக்கம் காணப்பட்டது. இந்தியாவிலிருந்து திறன்பெற்ற 50 ஆயிரம் பேர் ஜப்பான் செல்வது அதன் ஒரு பகுதி. முதியோர் பராமரிப்புக்கும் ஆலை வேலைக்கும் ஆள் அனுப்புவதாக மட்டும் இது முடிந்துவிடலாகாது. ராம்பூரின் இளைஞர் நூறு பேர் சகாயிலும், குர்ஜாவின் இளைஞர் நூறு பேர் மினோவிலும் இரண்டாண்டு தங்கித் திரும்பினால், அந்த ஒப்பந்தத்துக்கு வேறு பொருள் கிடைக்கும்.

ஜப்பானியக் கத்தியை வாங்குவது தேசத்துரோகம் ஆகாது. நல்ல பொருளை நல்ல விலைக்கு வாங்கும் பழக்கம் வளர்வது எந்தக் கைவினைஞருக்கும் நன்மையே. தன் பெயர் பொறித்த கத்திக்கு அந்த விலை கிடைக்கும் என்று இந்தியக் கொல்லர் ஒருவர் நம்பும்படி செய்வதுதான் அரசின் கடமை. ராம்பூர் சதுக்கத்தில் நிற்கும் இருபது அடிக் கத்தியால் ஒரு வெங்காயத்தைக்கூட நறுக்க முடியாது. அந்த ஊர்க் கொல்லர் அடிக்கும் எட்டு அங்குலக் கத்தியால் முடியும்.